பின்னால் போன டில்லர்

“இஞ்சன் கிதாப் நஹீ பட்தா, பேட்டி.”

என்ஜின் புத்தகம் படிக்காது, மகளே. பிஸ்வாஸ் பாபு இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வரப்பில் குடை பிடித்து நின்று, வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, சாயங்காலம் மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

நான் முழங்கால் சேற்றில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் எங்கள் பவர் டில்லர், நடந்தே ஓட்டும் உழவு வண்டி. கைப்பிடி போட்டுச் சுற்றினால் கையை எதிர்த்துத் தள்ள வேண்டிய என்ஜின், காலி டப்பாவில் கரண்டி சுற்றுவதைப் போலச் சுற்றியது. சைலன்ஸரில் வர வேண்டிய புகை, எண்ணெய் ஊற்றும் வாயிலிருந்து வந்தது. கருகிய எண்ணெய் வாசம் வயல் முழுக்க நின்றது.

“ரிங்கு மாத்தினா ஓடிராதா?” என்று அப்பா கேட்டார்.

“இல்லப்பா. சிலிண்டரே தேஞ்சு போச்சு. ரெண்டு தடவை குடைஞ்சாச்சு. இனிக் குடைய அதுல இரும்பு இல்ல. வேற என்ஜின்தான் வைக்கணும்.”

“வைக்கிறது யாரு?”

“நான்தான்.”

இதை அப்பாவிடம் தமிழில்தான் சொன்னேன். ஆனாலும் பிஸ்வாஸ் பாபுவுக்குப் புரிந்துவிட்டது. நாற்பது வருஷமாக எல்லா மொழிக்காரர்களோடும் பழகியவர். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

ரோட்டோர வயல்

போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். வயல்களில் பெரும்பகுதி பிஸ்வாஸ் பாபுவுடையது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய அவருடைய அப்பா, காட்டை வெட்டித் திருத்திய நிலம்.

எங்களுக்கும் அவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அவருடைய வயல் முழுவதையும் எங்கள் டில்லர் உழுது சேறாக்கிக் கொடுக்கும். அதற்குப் பதிலாக ரோட்டோர வயலில் நாங்கள் பயிர் வைத்துக்கொள்ளலாம். காகிதம் கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் வாய் வார்த்தைதான்.

டில்லர் ஓடும்வரை வயல் எங்களுடையது. டில்லர் நின்றால் அதுவும் போய்விடும்.

“நாத்துக்கு இருபத்திரண்டு நாள் ஆச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல நாத்து முத்திரும். மேலத் தெருக்காரன் புது டில்லர் வெச்சுக்கிட்டு, அந்த ரோட்டோர வயலைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்,” என்றார் பிஸ்வாஸ் பாபு. அன்று திங்கட்கிழமை.

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாற்று யாருக்காகவும் காத்திருக்காது.

ஆனால் அந்த வயல் அப்பாவுக்கு என்ன என்பதை நான் சொல்லியாக வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். அப்பாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். இறக்கிவிட்ட இடம் நிக்கோபாரின் கட்சால் தீவு, அரசாங்க ரப்பர் தோட்டம். தேயிலை போய் ரப்பர் வந்தது. கொழுந்து பறித்த கை பால் வெட்டியது. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் ‘பெரட்டு’ மட்டும் அங்கேயும் இருந்தது.

சுனாமி அலை வந்த வருஷம் நான் இடுப்புக் குழந்தை. தோட்டத்து லயத்து வீடுகள் மேட்டில் இருந்ததால் பிழைத்தோம். பிறகு வேலை குறைந்து, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். அப்பா இன்றைக்கும் விடியற்காலையில் “பெரட்டுக்கு நேரமாச்சு” என்றுதான் எங்களை எழுப்புவார். பெரட்டுக்கு நிற்பது அம்மா, நான், இரண்டு ஆடுகள்.

அப்படிப்பட்டவர், தன் கையால் தன் விதையைப் போட்ட முதல் மண் அந்த ரோட்டோர வயல். முதல் அறுப்பன்று ஒரு கதிரைக் கசக்கி வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

அந்த வயலைத்தான் ஞாயிற்றுக்கிழமைக்குள் காப்பாற்ற வேண்டும்.

குங்குமம் வைத்த டாங்கி

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போர்ட் பிளேர் ஜங்லிகாட் போனேன். அங்கே ஜப்பார் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கீழக்கரைக்காரர். கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். ஆனால் அவரிடம் இல்லாத போல்ட் தீவில் எங்கேயும் இருக்காது.

“வாங்க தங்கச்சி. என்ன, மூஞ்சி கரி புடிச்ச நாசில் மாதிரி இருக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். புது என்ஜின் எப்போது வரும் என்று கேட்டேன்.

“மெயின்லேண்டுல இருந்து வரணும். எந்தக் கப்பல்ல ஏறும்னு கப்பலுக்கே தெரியாது. நான் பத்து நாள்னு சொல்லுவேன். நீங்க அதை முப்பது நாள்னு காதுல வாங்கிக்கணும்.”

“எனக்கு ஞாயித்துக்கிழமை உழணும், பாய்.”

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “டுங்கி என்ஜின் வெச்சா ஒத்துக்குவீங்களா?”

டுங்கி என்பது இங்கே மீன் பிடிக்கப் போகும் சின்னப் படகு. அதில் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் இருக்கும். பாய்க்குத் தெரிந்த சிம்மாசலம் அண்ணா என்ற தெலுங்கு மீனவர், படகுக்கு வெளியே தொங்கும் மோட்டாருக்கு மாறிவிட்டார். பழைய என்ஜின் படகுத்துறைக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது.

தார்ப்பாயை விலக்கினால், டீசல் டாங்கி முழுக்க மஞ்சளும் குங்குமமும். ஒவ்வொரு பூஜைக்கும் வைத்தது, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. வெளியெல்லாம் துரு. பார்க்கிறவர்கள் இரும்புக் கடைக்குத்தான் போடச் சொல்வார்கள்.

நான் வெளியைப் பார்க்கவில்லை. கைப்பிடி போட்டுச் சுற்றினேன். பாதிச் சுற்றில் என்ஜின் என் தோளையே திருப்பித் தள்ளியது. எண்ணெயைக் கொஞ்சம் இறக்கி உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் பார்த்தேன். இரும்புத் தூள் மினுங்கவில்லை. ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை.

போர்ட் பிளேரை ஒட்டிய டாலிகஞ்ச் பக்கம் நான் டீசல் மெக்கானிக் படித்த இரண்டு வருஷமும் எனக்குள் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது எதற்கு என்று யாராவது கேட்டால், அந்தத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து நிமிஷத்தைச் சொல்வேன்.

சிம்மாசலம் அண்ணா விலை பேசி முடித்த பிறகும் என்ஜின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. “இது கடலைத் தவிர ஒண்ணும் பார்த்ததில்ல. நிலத்துல என்ன பண்ணுமோ!” என்று ஹிந்தியில் புலம்பினார்.

“நெல்லு வெளஞ்சா உங்களுக்கு ஒரு மூட்டை, அண்ணா.”

“மூட்டை இருக்கட்டும். டாங்கியைச் சுரண்டாதே.”

சுரண்டவில்லை. இன்றைக்கும் அந்தக் குங்குமம் அப்படியே இருக்கிறது.

பெயின்ட் அடித்த கை

போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதிய ஹாஸ்டல் கதையைப் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாராம். “முழுக்கக் கேட்டுட்டேன். என்னை எங்கயும் காணோமே” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா, இந்த வாரம் வருகிறாய். பொறு.

புதன்கிழமை பிக்கப் வண்டியில் என்ஜின் வந்து இறங்கியது. மூன்று மூங்கிலை முக்காலி போலக் கட்டி, ஜப்பார் பாய் இரவல் கொடுத்த செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பழைய என்ஜினைத் தூக்கி வெளியே வைத்தோம். அப்பா கட்டிய முடிச்சு ஒவ்வொன்றும் கப்பலைக் கட்டும் முடிச்சு.

பழைய என்ஜின் படுத்த வாக்கில் இருப்பது. டுங்கி என்ஜின் நிமிர்ந்து நிற்பது. அடியில் போல்ட் துளைகளும் வேறு. பிஸ்கட் பெட்டி அட்டையை என்ஜினுக்கு அடியில் வைத்து, துளைகளைப் பென்சிலால் குறித்து வெட்டினேன். அந்த அட்டையோடு டாலிகஞ்ச் போய், வெல்டிங் பட்டறையில் புதிதாக ஒரு இரும்புத் தாங்கி செய்து வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு, தீவில் பிறந்து வளர்ந்த எவரும் செய்வதைச் செய்தேன். பெயின்ட் அடித்தேன்.

இங்கே காற்றிலேயே உப்பு. கதவுக் கொண்டி, சைக்கிள், ஜன்னல் கம்பி, எது வந்தாலும் முதலில் சிவப்புப் பூச்சு, அதன் மேல் ஒரு கலர். யோசித்துச் செய்வதில்லை, சோற்றுக்கு முன் கை கழுவுவதைப் போல. டாங்கியை மட்டும் விட்டுவிட்டு, அடி முதல் விசிறி மூடி வரை பச்சை அடித்தேன். இரண்டு கோட்டு. அம்மா வந்து பார்த்து, “கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குடி” என்றாள்.

என்ஜினைத் தாங்கியில் ஏற்றினேன். டுங்கியில் ப்ரொப்பெல்லர் மாட்டுகிற ஷாஃப்ட் முனையை இடது பக்கம் வைத்து, அதில் பெல்ட் சக்கரத்தைப் பொருத்தினேன். டில்லரின் கியர் பெட்டிக்கு பெல்ட் இடது பக்கத்திலிருந்துதான் போகும். எல்லாம் அளவெடுத்ததைப் போல உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

டுங்கி என்ஜின் நிலத்தில் ஓடப் போகிறது என்று யார் சொன்னார்களோ, வெள்ளிக்கிழமை காலையில் வயலோரம் இருபது பேர். பிஸ்வாஸ் பாபு வழக்கம் போலக் குடையோடு.

ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. படகுத்துறையில் கேட்கும் அதே ‘டப் டப் டப்’. ஒருத்தர் “மீன் வந்துருச்சு, கூடையை எடு!” என்று கத்தினார். நானும் சிரித்தேன். முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டேன்.

டில்லர் என் வயிற்றில் இடித்தது.

முன்னால் போக வேண்டிய வண்டி, பின்னால் வந்தது. நான் பின்வாங்கினேன், அதுவும் விடாமல் வந்தது. இரண்டாவது அடியில் கால் வழுக்கி, சேற்றில் அப்படியே உட்கார்ந்தேன். கிளட்சைப் பிடித்ததால் என் மடி மேல் ஏறாமல் நின்றது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மின்கம்பியில் இருந்த மைனாக்கள் பறந்தன. “பேட்டி, டில்லர் வீட்டுக்குப் போகணும்னு அழுவுது!” என்றார் பிஸ்வாஸ் பாபு. அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்பா கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: “ரிவர்ஸ் போட்டா முன்னாடி போகும்ல? அதுலயே ஓட்டிருவோம் புள்ள.”

“போகும்பா. ஆனா மண்ணு வெட்டுற கத்தியும் தலைகீழாத்தான் சுத்தும். முதுகால எப்படி வெட்டும்?”

அந்த நேரத்தில் அம்மா வந்தாள். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வரப்பில் ஏறி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “சிரிச்சு முடிச்சாச்சுன்னா எடத்தைக் காலி பண்ணுங்க. புள்ள யோசிக்கணும்.”

பெங்காலி, தெலுங்கு, மலையாளி, எல்லோருக்கும் அம்மாவின் தமிழ் புரிந்தது. போய்விட்டார்கள்.

இடதா, வலதா

டில்லரை வீட்டுக்கு இழுத்து வந்தோம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, என்ஜின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கலாம் என்றேன். எனக்கு எதிரே, என்ஜினுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பா கைப்பிடியைச் சுற்றினார்.

“வலது பக்கமாச் சுத்துது” என்றேன்.

“எடது பக்கமா.”

“வலதுப்பா!”

“எனக்குக் கண்ணு தெரியாதா? எடது!”

“உங்களுக்கு எது வலதுன்னே...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினேன். அப்பாவும் கைப்பிடியை விட்டார். இருவரும் சக்கரத்தின் இரண்டு பக்கத்திலிருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒரே சுற்றுத்தான். என் பக்கம் நின்றால் வலது, அவர் பக்கம் நின்றால் இடது.

பிளேடை எடுத்து, விசிறி மூடியில் நான் அடித்த பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டினேன். பச்சை போயிற்று, சிவப்பு போயிற்று. அதற்குக் கீழே, வார்ப்பிலேயே எழுப்பி வைத்திருந்தது ஓர் அம்புக்குறி. சுற்றும் திசையைக் காட்டும் அம்பு. என்ஜின் செய்தவர்கள் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நான்தான் அதன் மேல் இரண்டு கோட்டு அடித்து மூடியிருந்தேன்.

பிறகு பழைய என்ஜினைப் போய்ப் பார்த்தேன். அதில் பெல்ட் சக்கரம் ஷாஃப்ட் முனையில் இல்லை. எதிர்ப்பக்கம், கனமான ஃப்ளைவீல் சக்கரத்தின் மேல் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அது என் கண்ணெதிரே கிடந்தது. ஆனால் நான் படித்தது படகு என்ஜினில், வளர்ந்தது படகுத்துறைச் சத்தத்தில். என்ஜின் என்றால் சக்தி ஷாஃப்ட் முனையில்தான் வெளியே வரும் என்று என் கை முடிவு செய்துவிட்டது. அப்படிச் செய்தால் படகு ஓடும். அந்த முனையில் சுற்று டில்லருக்குத் தலைகீழ், அதனால் பின்னால் போகும்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் தெரிந்த தப்பு எனக்குப் பிடிக்கும். அதைக் கழற்றி மாட்டலாம்.

அரைவட்டம்

சனிக்கிழமை மீண்டும் மூங்கில் முக்காலி. என்ஜினைத் தூக்கி, அந்தரத்திலேயே அரைவட்டம் திருப்பினோம். ஃப்ளைவீல் இடது பக்கம் வந்தது. அதே பிஸ்கட் அட்டையை அரைவட்டம் திருப்பி வைத்து, தாங்கியில் புதுத் துளைகளைக் குறித்தேன்.

ஃப்ளைவீலில் மரையோடு நான்கு துளைகள் இருந்தன. டுங்கியில் அவற்றுக்கு வேலை இல்லாததால் உள்ளே உப்பும் கிரீஸும் அடைத்துக் கிடந்தன. ஆணியால் சுரண்டிச் சுத்தம் செய்தேன். ஜப்பார் பாய் பஸ் டிரைவரிடம் ஒரு சின்னப் பொட்டலத்தில் நான்கு நீள போல்ட்டுகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். பொட்டலத்தின் மேல், ‘முன்னாடி போற போல்ட்டு’ என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைக் கதை ஜங்லிகாட் வரை போய்விட்டது!

விசிறிக்குக் காற்று போக இடம் விட்டு, நடுவில் ஒரு வளையம் வைத்து பெல்ட் சக்கரத்தை முடுக்கினேன். இரண்டு சக்கரமும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று அம்மா ஒரு முனையிலும் அப்பா ஒரு முனையிலும் நூல் பிடித்தார்கள். ஒரு நூல் விலகினாலும் பெல்ட் பிய்ந்துவிடும்.

“அம்மா, ஆட்டாதே.”

“நான் ஆட்டல. உங்கப்பாதான் மூச்சு விடுறாரு.”

ஞாயிற்றுக்கிழமை மழை விடாமல் தூறியது. கூட்டம் முன்னைவிடப் பெரிது. இன்னொரு முறை சிரிக்க வந்தவர்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கைப்பிடி, ஒரு சுற்று, டப் டப் டப். முதல் கியர். கிளட்ச்.

டில்லர் என் கையிலிருந்து முன்னால் இழுத்தது.

அந்த இழுப்பை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பழைய என்ஜினை நான் தள்ள வேண்டியிருந்தது. இது என்னைக் கூட்டிக்கொண்டு போனது. கத்திகள் சேற்றைக் கிழித்துப் புரட்டின. அடிமண்ணின் குளிர்ந்த வாசம் எழுந்தது. பத்தடி போவதற்குள் கொக்குகள் பின்னால் வரிசை கட்டின.

யாரும் சிரிக்கவில்லை. மூலையில் திருப்பும்போதுதான் கவனித்தேன்: பிஸ்வாஸ் பாபு குடையை மடக்கிவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, டில்லருக்குப் பின்னால் சேற்றில் நடந்து வந்துகொண்டிருந்தார். உழவின் ஆழத்தைக் காலால் அளந்துகொண்டே வந்தவர், “பழையதை விட ஆழமா போகுதே!” என்றார்.

“கடல் என்ஜின், பாபு. தண்ணிக்குப் பயப்படாது.”

அவர் வயல் முழுவதையும் அன்றும் மறுநாள் மதியம் வரையிலும் உழுது முடித்தோம். ரோட்டோர வயலைக் கடைசியாக உழுதேன். அதற்குள் டில்லரைக் கொண்டுபோனபோது, வரப்பில் நின்றிருந்த அப்பா, “இங்க குடு” என்று கையை நீட்டினார். ஒரு சுற்று அவரே ஓட்டினார். முகத்தில் சேறு தெறித்தது. துடைக்கவில்லை.

அந்த அறுப்பில் சிம்மாசலம் அண்ணாவுக்கு ஒரு மூட்டை நெல் ஜங்லிகாட்டுக்குப் போனது.

பொட்டல் வயல்

இது போன வருஷத்து மழை. இந்த வருஷம் பிஸ்வாஸ் பாபு நாற்றுப் பாவும் முன்பே வீட்டுக்கு வந்தார். “ரோட்டோர வயல் உங்களுக்குத்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்,” என்றார்.

“அது சரி, பாபு. அணைக்கட்டுக்கு இந்தப் பக்கம் பொட்டலா கிடக்கே, அதையும் கேக்கலாம்னு இருந்தேன்.”

அலை வந்தபோது கடல் புகுந்து, வருஷக்கணக்காக உப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்த நிலம் அது. பிறகு மண்ணணை போட்டுக் கடலைத் தடுத்தார்கள். அன்றிலிருந்து கோரைப்புல்தான். யாரும் கால் வைப்பதில்லை.

பிஸ்வாஸ் பாபு வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். போன வருஷம் போலப் புத்தகத்தை இழுக்கவில்லை. “மூணு வருஷத்துக்கு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். உழவும் வேண்டாம், நெல்லும் வேண்டாம். உன்னால ஆனதைப் பாரு. இந்தத் தடவை காகிதம் எழுதிக்கலாம்” என்றார்.

காகிதம் என் பெயரில் எழுதியாயிற்று. கோரையை வெட்டி, மழைத் தண்ணீர் உப்பைக் கழுவிக்கொண்டு போக மூன்று வாய்க்கால் வெட்டினோம். டில்லரால் இரண்டு உழவு ஓட்டிவிட்டேன். விவசாய ஆபீஸில் மண்ணைக் கொடுத்துப் பார்த்து, உப்பு தாங்கும் விதைநெல் வாங்கி வந்தேன்.

இன்று காலை அதை ஊறப் போட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுக்களையில், வாளியில், ஊறிக்கொண்டிருக்கிறது.